இறங்கிப் பார்க்காத பாலம்

மார்ச் 4
வந்து சேர்ந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஆறு. அதன் மேல் நானூறு வருஷமாக நிற்கும் கல் பாலம். தங்கை பூரித்துப் போனாள். "அக்கா, பாத்தியா! உனக்காகவே கேட்டு வாங்கின ரூம்."

நான் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பாலம், ஒரு லாரியோடு விழுந்து ஆறு வாரம். ஆபீஸ் என்னை வீட்டில் உட்கார வைத்து ஐந்து வாரம். பழைய ஊர், கையில் கேமரா, மனசு ஆறும் என்று இழுத்து வந்திருக்கிறாள். ஏழு பாலம் இருக்கிற ஊருக்கு! அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மார்ச் 5
நாற்பத்து மூன்று படங்கள். அவள் எடுத்தவை கோபுரங்கள், செதுக்கிய வாசல்கள், மாடி முகப்பில் தூங்கும் ஒரு பூனை. என்னுடையவை தூணின் அடி, வளைவுக் கற்களின் இடுக்கு, நீர்க் கசிவு.

"ஏன்க்கா, எல்லாரும் கல்யாணப் பொண்ணோட மொகத்த எடுப்பாங்க. நீ கால் பித்தவெடிப்ப எடுக்கறியே?"

சிரித்துவிட்டேன். அப்புறம் வெகுநேரம் வெட்கமாக இருந்தது.

மார்ச் 6
மழை. வெளியே போகவில்லை.

மார்ச் 7
வக்கீல் போன் செய்தார். "நல்ல சேதி மேடம். லாரியில பாரம் அதிகம்னு முடிக்கப் போறாங்க. டிரைவர்தான் போய்ச் சேர்ந்துட்டானே, யார் வந்து மறுக்கப் போறா? நீங்க முன்னாடி சொன்னதையே சொல்லுங்க, போதும்."

முதல் விசாரணையில் நான் சொன்னது: போன வருஷம் கீழே இறங்கி ஒவ்வொரு தூணையும் பார்த்தேன்.

பார்த்தேனா?

மார்ச் 8
இன்று அசிங்கமாகிவிட்டது. ஐந்தாவது பாலத்தில் ஒரு இளம் ஜோடி படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கேமராவுக்குள் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி பாலத்தில் ஏறுகிறது. "ஓடுங்க! எறங்கி ஓடுங்க!" என்று கத்தியிருக்கிறேன். அந்தப் பெண் அழுதேவிட்டாள். பாலம் அசையக்கூட இல்லை.

தங்கை அவர்களைச் சமாதானம் செய்துவிட்டு என்னைக் கரைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். அங்கேதான் சொன்னேன். போன வருஷம் பாலத்தப் பாக்கப் போன அன்னிக்கு மழை. பாதையெல்லாம் சேறு. நான் காரை விட்டே எறங்கல. மடியில வச்சு கையெழுத்துப் போட்டேன். தூண்ல விரிசல் அப்பவே இருந்திருக்கும். இருந்திருக்கணும். எறங்கிப் பாத்திருந்தா எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம்டி —

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டிரைவருக்கு கொழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு."

பிடித்திருந்த என் கையை விட்டாள். கேமராக் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 9
சோறு இறங்கவில்லை. இன்னும் இரண்டு பாலம் பாக்கி. எடுத்து என்ன செய்ய? இவற்றைக் கட்டியவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. நிற்கின்றன. என் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது.

தங்கை தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தாள்.

மார்ச் 10
சொன்னதை மாற்றிச் சொல்லப் போகிறேன் என்று வக்கீலிடம் சொன்னேன்.

"மேடம், இருபத்தாறு வருஷ சர்வீஸ்! வேலை மட்டும் போகாது, உள்ள தள்ளிடுவாங்க. நீங்களே போய்த் தலைய நீட்டறீங்க."

போனை வைத்துவிட்டேன். திரும்பினால் தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "விசாரணைக்கு நானும் வரேன்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 19
விசாரணை. ஒரு மணி நேரம் பேசினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"பாக்கவே இல்லையா?"

"இல்லை."

கேஸ் போடுவார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தங்கை வண்டி பிடிக்கப் போனாள்.

நடைவழியில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் டிரைவரின் மனைவி, பேப்பரில் பார்த்த முகம். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். நான் சுவரோரமாக நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.