இதயப் படமும் மூன்று பெயர்களும்

6 ஆகஸ்ட் 1990

வந்தேவிட்டது எக்கோ மெஷின், இதயத்தைத் திரையில் படமாகக் காட்டுவது! தூத்துக்குடியிலிருந்து லாரி மதியத்துக்கு மேல்தான் வந்தது. ஜெர்மனியில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி புதுசு வாங்கிக்கொண்டு, பழசை எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கிறது. பழசாவது ஒன்றாவது! சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்து, நெஞ்சில் தடவும் ஜெல்லியைக் கையில் எடுத்துக்கொண்டு யாரை முதலில் படுக்கவைப்பது என்று பார்ப்பதற்குள், கிராமத்து நர்ஸு கருத்தம்மாள் அக்கா ஏறிப் படுத்துவிட்டாள்.

"எனக்கு இருதயமே இல்லன்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா."

இருந்தது. கறுப்பு வெள்ளையில், திரை நிறைய, தடதடவென்று. மைட்ரல் வால்வு — இதயத்தின் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கும் இரட்டைக் கதவு — திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து அக்கா வாயைப் பிளந்தாள். நானும்தான். மெட்ராஸில் பயிற்சியின்போது தினமும் பார்த்ததுதான். அருப்புக்கோட்டையில் பார்ப்பது வேறு.

7 ஆகஸ்ட்

கரண்ட். கரண்ட். கரண்ட். ஒரு நெஞ்சைப் பார்த்து முடிப்பதற்குள் எத்தனை தடவைதான் போகும்?

19 செப்டம்பர்

குமாரலிங்கபுரத்துப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வேனில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரசவ வலி. வாயில் ரோஸ் நிற நுரை. நுரையீரல் முழுக்க நீர். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். பிள்ளையும் இல்லை.

ஐந்தாம் மாதத்திலிருந்தே மூச்சு வாங்கியதாம். ரத்தம் போதாது என்று எங்கேயோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளா என்று அவள் அம்மாவைக் கேட்டேன். "மூணாப்பு படிக்கயில கெடந்தா. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாமே. அந்தக் காய்ச்சல் வால்வை ஒடுக்கிவிடும். வயிற்றில் பிள்ளை வளர வளர உடம்பில் ரத்தம் கூடும். ஒடுங்கிய வழியில் போக முடியாமல் அது நுரையீரலில் தேங்கும். அந்த அம்மாவிடம் இதையெல்லாம் இன்றைக்கு எப்படிச் சொல்ல? சொல்லவில்லை.

20 செப்டம்பர்

காலையில் அக்கா நேராக என் அறைக்கு வந்துவிட்டாள். "மூச்சு வாங்குது மூச்சு வாங்குதுன்னு ஊருக்கு ஒருத்தி இருக்கா டாக்டரம்மா. நான் கூட்டியாரேன். நீங்க படம் பாருங்க. யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லன்னு முன்னாலயே சொல்லிரலாம்ல?"

சொல்லிவிடலாமா? வால்வு எவ்வளவு திறக்கிறது என்று அளக்கலாம். எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து? என்னிடம் இருக்கிற புத்தகங்களில் எங்கள் பெண்களைப் போன்றவர்களை வைத்து யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் நாங்களே பார்க்க வேண்டியதுதான். ஒவ்வொருத்தியையும் அளக்க வேண்டும். பிரசவம்வரை, அதற்குப் பிறகும், விடாமல் என்ன ஆனாள் என்று பார்க்க வேண்டும்.

புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு வைத்தேன். சந்தோஷம்.

10 பிப்ரவரி 1991, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவே இல்லை. மனசெல்லாம் வால்வு.

முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது! அக்கா கூட்டிவரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து இத்தனை மாதம் கழித்துப் பிடிபட்டது இதுதான். பாலவனத்தத்து ஒல்லிப் பெண் ஒருத்தி, வாசல்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவாள் — அவள் வால்வு தாராளமாகத் திறக்கிறது. வெறும் ரத்தசோகை. திருச்சுழிப் பக்கத்து முனீஸ்வரி மிளகாய்க் காட்டில் பொழுதுக்கும் குனிந்து நிமிர்கிறவள். "லேசாத்தேன் வாங்குது" என்று சிரிக்கிறாள் — அவள் வால்வு ஊசிக்கண் மாதிரி! மெஷின் கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை அளந்தேன். கெடவில்லை. ஐந்து மாதம் அவளுக்கு.

13 பிப்ரவரி

முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு அவள் புருஷன் மாரிக்கண்ணன் வந்தார். மதுரைக்குப் போய் வால்வை அகட்டிவிட வேண்டும், நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்றேன். எழுந்தே விட்டார்.

"நல்லா நடந்து திரியுற பிள்ளைய நெஞ்சக் கீறச் சொல்றீகளே. வயித்துல பிள்ளையோட! எங்க ஆத்தா கேட்டா என்னையக் கொன்னுபோடும்."

என்ன சொல்லியும் உட்காரவில்லை. அப்போதுதான் அக்கா செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் ஏறினாள். "டாக்டரம்மா, முதல்ல என்னோடதக் காட்டுங்க. பெறகு அவளோடத."

காட்டினேன். அக்காவின் வால்வு சிறகு மாதிரி விரிந்தது. "பாத்துக்கிட்டீகளா? இது ரெண்டு பிள்ள பெத்த நெஞ்சு." அப்புறம் முனீஸ்வரியைப் படுக்கவைத்தேன். இரண்டு இதழும் நுனியில் ஒட்டிக்கொண்டு, நடுவில் கொஞ்சமாக ஒரு சந்து. அதன் வழியே ரத்தம் முட்டி முட்டிப் போகிறது. மாரிக்கண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலை நீட்டி அந்தச் சந்தைத் தொட்டார்.

"இம்புட்டு வழிலயா இவ பொழுதுக்கும் களையெடுத்தா?" என்றார். அப்புறம், "மதுரைக்கு எந்த பஸ்ஸுல போகணும்?"

நான் பேசிப் பேசிச் சொன்னதைப் படம் சொல்லிவிட்டது.

5 மார்ச்

முடிந்தது. மதுரை இதய டாக்டர் பூமிநாதன் சார்தான் எல்லா ஏற்பாடும் செய்தார். வால்வை அகட்டியாகிவிட்டது. பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. போனில் சொன்னார்: "உன் அளவு சரியா இருந்துச்சும்மா. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கஷ்டம்."

17 ஜூன்

முனீஸ்வரிக்குப் பெண் குழந்தை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. அலறல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. தாயினுடையது அல்ல, மகளுடையது.

21 ஜூன் 1992

மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பக் கட்டுரை எழுதி முடித்தேன்! வால்வின் திறப்பு ஓர் அளவுக்கு மேலிருந்தால் ஊரிலேயே பிரசவம் பார்க்கலாம். கீழே போனால் வலி வருமுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் சேதி. தட்டச்சு செய்த தாளை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன், பூமிநாதன் சாரிடம் காட்ட. நிறையப் படங்களை அவரும்தான் சரிபார்த்தார், அவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஒரே மூச்சில் படித்தார். "பிரமாதம்" என்றார். தலைப்புக்குக் கீழே பெயர்களைப் பார்த்துப் பேனாவை எடுத்தார். "அருப்புக்கோட்டைன்னு முதல்ல இருந்தா எவனும் பிரிச்சுக்கூடப் பாக்கமாட்டான். என் பேரை முதல்ல போடு. இந்த நர்ஸு பேரை எடுத்துரு. கடைசியில நன்றி சொல்லிக்கலாம்."

சரிங்க சார்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். பஸ்ல ஏறி உட்காந்த பெறகுதான் கோவம் வருது. நன்றியா? பிரசவம் முடிஞ்சு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு திசையில போனாளுக. ஒருத்தி ஆத்தா வீட்டுக்கு, ஒருத்தி கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட, ஒருத்தி திருப்பூருக்கு. அத்தனை பேரையும் யாரு தேடிப் பாத்தது? நானா? இவரா? கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு, வெயில்ல நடந்து, நாய்க்கடி வாங்கி — யாரு? ஏன் நான் அங்கேயே வாயத் திறக்கல?

28 ஜூன்

மறுபடியும் மதுரை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"சார், படம் எடுத்தது நான். அதுல பாதி வேலைதான் இருக்கு. யாரு பிழைச்சா, யாரு பிழைக்கலன்னு தெரியாட்டா அந்த அளவுக்கு அர்த்தமே இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தது கருத்தம்மா அக்கா. அவங்க பேரு இல்லாம நான் அனுப்பமாட்டேன்."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "பிடிவாதக்காரி. சரி, என் பேரைக் கடைசியில போட்டுக்கோ. கட்டாயம் திரும்பி வரும். வந்ததும் என்கிட்ட வா."

14 நவம்பர்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டே வரி.

15 நவம்பர்

அக்கா: "என் பேரை வேணும்னா எடுத்துருங்க டாக்டரம்மா. எனக்கென்ன, பேரு போட்டா சம்பளமா கூடப்போகுது?" எடுக்கமாட்டேன் என்றேன். "அப்ப வேற எடத்துக்கு அனுப்புங்க. மொதப் பஸ்ஸு போயிட்டா நாம ஊருக்கே போகாமயா இருக்கோம்?"

அனுப்பிவிட்டேன்.

2 ஏப்ரல் 1993

பதில்! மறுக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வராத பெண்களின் கதி எப்படித் தெரிந்தது? இந்தக் கட்டுரையின் பலமே அதுதானாம், விளக்கமாக எழுத வேண்டுமாம்.

கடிதத்தைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் ஓடினேன். நோயாளிகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அக்கா தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். "உக்காருங்க. எந்த ஊருக்கு எப்படிப் போனீங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நாய் கடிச்சதையுமா?"

அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று: என் பெயரைச் சுருக்காமல் முழுசாக எழுதச் சொல்கிறார்கள். ஜெப ஷீலா தவசிமுத்து என்று அப்பா பெயரையும் சேர்த்து எழுதினேன்.

30 ஜூலை

ஏற்றுக்கொண்டார்கள்!!!

பூமிநாதன் சாருக்குப் போன் போட்டேன். தான் சொன்னது தப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. "அச்சானதும் எனக்கு அஞ்சு காப்பி வேணும்" என்றார்.

9 மார்ச் 1994

அச்சில் பார்த்தேன். மூன்று பெயர்கள். அக்கா தன் பெயர்மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை.

22 நவம்பர் 1995, மெட்ராஸ்

டாக்டர்கள் கூட்டம் முடிந்து மருத்துவ நூலகத்துக்குப் போனேன். எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று போடும் தடித் தடிப் புத்தகங்கள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எறும்பு எறும்பாக எழுத்து. ஜெப ஷீலா — இல்லை. ஷீலா — யார் யாரோ இருக்கிறார்கள், நான் இல்லை. சரி, அருப்புக்கோட்டையை யார் படிக்கப்போகிறார்கள் என்று மூடப்போனேன். சும்மா ஒரு யோசனையில் அப்பா பெயரைத் தேடினேன்.

இருந்தது! தவசிமுத்து ஜெ. ஷீ.! அதற்குக் கீழே துருக்கியிலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர். எங்கள் அளவை அங்கேயுள்ள வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். துருக்கிக்காரரின் கட்டுரையும் அங்கேயே கிடைத்தது. எங்கள் அளவு அவர்களுக்கும் பொருந்துகிறதாம்! கட்டுரையில் முதலில் உள்ள பெயரை மட்டும்தான் அந்தத் தடிப் புத்தகம் சொல்லும். துருக்கிக்காரர் கட்டுரையின் கடைசியில் மூன்று பேருமே இருக்கிறோம். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. எதிரே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் குதிக்கவில்லை.

24 நவம்பர்

ஸ்டேஷனிலிருந்து நேராக அப்பாவின் பட்டறைக்குப் போனேன். மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸைக் காட்டினேன்.

"ஏத்தா, எம் பேரு எதுக்கு அங்க கெடக்கு? நான் எப்ப இருதயத்தப் படிச்சேன்?"

"வெளிநாட்டுல கடைசிப் பேரைத்தான்ப்பா பேருன்னு எடுத்துக்குவாங்க."

யோசித்தார். "அப்ப யாராச்சும் சந்தேகம் கேட்டு எழுதுனா நானா பதில் போடணும்?" பட்டறையே சிரித்தது. அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை. அக்காவுக்கு வேறு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

14 மார்ச் 1996

மல்லாங்கிணறு. சுற்றுவட்டாரத்துச் சுகாதார நர்சுகள் எல்லாருக்கும் ஒருநாள் வகுப்பு. மூச்சு வாங்கும் கர்ப்பிணியிடம் என்னென்ன கேட்பது, யாரைப் படம் எடுக்க அனுப்புவது என்று. அரசாங்கத்திலிருந்தே கேட்டிருந்தார்கள். பேசுவதற்குக் கருத்தம்மாள் அக்காவை அனுப்பினோம். நான் துணைக்கு.

புதுச் சேலை. குரல் மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது. வால்வு எப்படித் திறக்கும் என்று இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். "வாசல்ல நின்னுக்கிட்டு நல்லாருக்கியான்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா. உள்ள போயி உக்காந்து கேளுங்க." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என் காதோரம் குனிந்தாள். "அவுக பெரிய டாக்டராம்க்கா. கட்டுரையெல்லாம் எழுதிருக்காகளாம்." கொஞ்சம் நகர்ந்து எனக்கு நன்றாக இடம்விட்டாள். "நீங்க எந்த ஊரு நர்ஸு?"

"அருப்புக்கோட்டை" என்றேன்.