ஆஸ்துமா என்று சொன்னவள் நான்தான்

என் செல்லத் தம்பி குணாவுக்கு,

போன வருடம் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே நீ ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, நான் செத்தா என்னான்னு சொல்லுவ?"

"வாய மூடு லா" என்றேன்.

நீ சிரித்தாய். "ஆஸ்துமான்னு சொல்லிடு. நம்ம அப்பாவுக்கு இருந்துச்சில்ல. யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

சொன்னேன் தம்பி. அப்படியே சொன்னேன்.

நீ என் வீட்டிலேயே கண்ணை மூடியதால் மருத்துவர் யாரும் உன்னைப் பார்க்கவில்லை. தகனத்துக்கு அனுமதி வாங்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்ன நோய் என்று மலாய் மொழியில் கேட்டார். ஆஸ்துமா என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்முறை இல்லாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடப் போட்டதில்லை. அவர் எனக்கு முழு மதிப்பெண்ணும் போட்டு அனுப்பிவிட்டார்.

உன் விஷயம் தெரிந்தவர்கள் வேறொரு விடை வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, நம் பெரியப்பா மகன் ராஜு அண்ணன் என் காதருகே வந்தார்.

"எச்.ஐ.வி.தானே கொண்டுபோச்சு?"

"எட்டு வருஷமா மாத்திரை தவறாம எடுத்தான் அண்ணே. போன தடவ ரத்தத்துல கிருமியே தெரியலன்னாங்க."

"அதெல்லாம் சொல்வாங்க லா. அந்தச் சீக்கு வந்தா அவ்வளவுதான்."

கூரை ஒழுகினால் மழைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? ஒழுகாத கூரைகளிலும் அதே மழைதானே பெய்கிறது? எந்த ஓடு உடைந்தது என்று ஏறிப் பார்க்க வேண்டாமா? ஆஸ்துமா என்று எழுதியவரும் ஏறவில்லை, எச்.ஐ.வி. என்று முடித்தவரும் ஏறவில்லை. நானோ ஏணியையே ஒளித்து வைத்தேன்.

ஆறு வாரம் இருமினாய். தலையணை உறையைப் பிழியும் அளவுக்கு வேர்த்தது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரி போலாமாக்கா" என்று இரண்டு தடவை கேட்டாய். அந்த ஆஸ்பத்திரி வார்டில் நமக்குத் தெரிந்த பெண்கள் வேலை செய்கிறார்கள், உன் கோப்பைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். "சாதா சளிதான், இஞ்சி தட்டிப் போட்டுத் தரேன்" என்றேன். உனக்காகப் பயந்தேனா, எனக்காகவா?

மாத்திரை வாங்க நீ வரவில்லை என்று, மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி ஒருவர் வந்தார். தமிழ்ப் பெண். நீ போய்விட்டதைச் சொன்னேன்; எந்த நோயில் இறந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை நாள் இருமல், சளியில் ரத்தம் வந்ததா, எவ்வளவு இளைத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லி முடித்ததும் பேனாவை மூடினார்.

"கேட்டா காசநோய் மாதிரி இருக்கு டீச்சர். உறுதியா சொல்ல முடியாது. இனிமே எதைச் சோதிக்கிறது?"

"காசநோய்னா..."

"மருந்து இருக்கு. ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிட்டா குணமாகும்." மூடிய பேனாவை மறுபடி திறந்து, "அவரு கூட யாரு தங்கியிருந்தா?" என்றார்.

மணியம். புக்கிட் செந்தோசா வாடகை வீட்டில் இருமல் முற்றி நீ என் வீட்டுக்கு வரும்வரை உன்னோடு ஒரே அறையில் இருந்தவன். உன்னைப் போலவே தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன்.

மறுநாளே பஸ் ஏறினேன். கதவு திறக்கும் முன்பே இருமல் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான்.

"ஆஸ்துமான்னுதானே சொன்னீங்க டீச்சர்? அது ஒட்டாதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"மன்னிச்சிருப்பா."

"நீங்க மன்னிப்புக் கேட்டா என் நெஞ்சு சரியாயிடுமா?"

சோதனையில் அவனுக்குக் காசநோய் என்றே வந்தது; எனக்கு இல்லை என்றார்கள். இப்போது வார்டில் இருக்கிறான். வலது நுரையீரலில் பாதி போய்விட்டதாம். சனிக்கிழமை தோறும் கஞ்சி கொண்டுபோகிறேன். வாங்கிக்கொள்கிறான், பேசுவதில்லை. பிழைப்பானா? மிஸ்ஸியைக் கேட்டால், "பாக்கலாம் டீச்சர்" என்கிறார்.

உன் இறப்புத் தாளைத் திருத்த முடியுமா என்று போலீஸ் நிலையத்தில் கேட்டேன். மருத்துவர் கையெழுத்து வேண்டுமாம். உன்னைத்தான் எரித்துவிட்டோமே. இனி ஏதோ ஒரு பட்டியலில் நீ ஆஸ்துமாவாகவே இருப்பாய். பரிசோதனை எட்டாத ஏழை நாடுகளில் இப்படித்தான், வீட்டுக்காரர் வாயில் வந்ததே முடிவாகிவிடுகிறது என்றார் மிஸ்ஸி. இங்கே ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம்தான் தம்பி. அந்தத் தூரத்தையும் எட்டாமல் செய்தவள் நான். எது கொல்கிறது என்றே தெரியாமல் யாரை எப்படிக் காப்பாற்றுவார்கள்?

இனி யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன். உனக்கு எச்.ஐ.வி. இருந்தது, நீ ஆறு வாரம் இருமினாய், ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான் என்று ராஜு அண்ணன் முன்னாலும் சொல்வேன். மணியம் பேசினாலும் பேசாவிட்டாலும், அவன் கடைசி மாத்திரையை விழுங்கும் நாள்வரை பக்கத்தில் இருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது நோயில் படுத்திருந்தால், இன்றே ஒரு தாளில் தேதி போட்டு அவர் உடம்பில் நீங்கள் கண்டதை மட்டும் எழுதத் தொடங்குங்கள். நோய்க்கு நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள்.

உன் கூடப்பிறந்தவள்,
சரோஜா அக்கா
கோல சிலாங்கூர்