ஊறுகாய் டப்பாவுக்குள் பத்து மழைக்காலம்

இன்று உன் வீட்டுக்குப் போய் அந்த ஊறுகாய் டப்பாவைத் திறந்தேன். கழுவிக் கழுவித் தேய்ந்த டப்பா, ஆனாலும் மாங்காய் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே நீ வைத்த பென் டிரைவ். நீ போய் ஒன்றரை வருடமாக அது என் மேசை மேல்தான் இருந்தது. ஒருநாளும் திறக்கவில்லை, நம்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரோ ஒரு கம்பெனிக்கு எண்களை அலசிக் கொடுத்தவர்கள் நாம். சனிக்கிழமைகளில் மட்டும் கடலும் மழையும் நம் சொந்தக் கணக்கு. ஆப்பிரிக்கக் கரையோரம் கடல் வழக்கத்தைவிடச் சூடேறினால், ஐப்பசியில் நம் பக்கம் மழை வெளுத்து வாங்கும் என்று நீ அடித்துச் சொன்னாய். வானிலைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் அதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் எழுந்து, "முடிவைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடியிருக்கிறீர்கள்" என்றார். உன் முகம் செத்துப்போனது.

மறுநாளே, நாம் பிறப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் மழை அளவை மட்டும் தனியே ஒளித்துவைத்தாய். கடல் வெப்பத்தை மட்டும் வைத்து அந்த மழையைக் கணித்துச் சொன்ன பிறகே திறக்க வேண்டும் என்பது உன் சட்டம். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து என் கணிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்:

"இன்னா மச்சான், இவ்ளோ கரெக்டா வருது? பாத்துட்டியா?"

"ஒரே ஒரு வருஷம்தான்டா."

"பிட்டு அடிச்சு பாஸாவறதுக்கா இத்தினி நாளு குந்திகினு கீறோம்?"

அந்த மூன்று மாத வேலையை என் கண்ணெதிரே அழித்தாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை; அவ்வளவு கோபம். நீயோ வேறு பத்து ஆண்டுகளின் மழையைப் பென் டிரைவில் ஏற்றி, உன் சாப்பாட்டுப் பையிலிருந்த ஊறுகாய் டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி என்னிடமே கொடுத்தாய். திருடனிடமே சாவி! நான் கணிப்பை முடிப்பதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

கள்ளிக்குப்பத்தில் உன் வீட்டுக் கூடத்தில், உன் மனைவி பென் டிரைவில் இருந்த மழை அளவை ஆண்டு ஆண்டாகப் படித்தாள். என் கையில் ஏற்கெனவே எழுதிய கணிப்புத் தாள். அதிக மழை என்றிருந்த இடத்தில் அதிக மழை. குறைவு என்றிருந்த இடத்தில் குறைவு. ஒரே ஒரு ஆண்டு உதைத்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

"அப்ப அவரு சொன்னது மெய்தானாண்ணா?"

"மெய்தாம்மா. பாக்காமலே சொல்லிட்டோம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உன் சாவுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஜெயித்துவிட்டாய், மாமே!

அடுத்து, கடலூர்ப் பக்கத்து மழைக்கும் இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அங்கே பத்து ஆண்டுகள் பெய்த மழையை உன் மனைவியே பொறுக்கி எடுத்து, டப்பாவில் போட்டு, டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது மேசை மேல் இருக்கிறது.

பார்க்கவில்லை, மச்சான்.