ஆண் சாளைகளையும் சேர்த்து அனுப்புகிறேன்

குளச்சல்
11.8.2009

அன்பு மகள் ஷிஜிக்கு,

இங்கே நான் சுகம், தோஹாவில் அப்பா சுகம், கொண்டைக்கோழி மட்டும் இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. நீ சுகமா என்று ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய், அது காய்ச்சலா கோபமா என்று தெரியாமல் நாள் முழுக்க அலைகிறேன், ஆகவே இதற்காவது இரண்டு வரி பதில் போடு. பன்னிரண்டு நாள் பிந்தி எழுதுகிறேன், உன் ஆய்வுக்கான மீன் குப்பிகளும் பிந்திவிட்டன, ஏன் என்பதை ஃபோனில் மறைத்தேன், இப்போது சொல்கிறேன், திட்டாதே.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைகளுக்குப் போகும், அதிலுள்ள சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்து நம் கடல் சாளை மீனும் விசாகப்பட்டினத்துச் சாளையும் ஒரே தாய்வழியா என்று பார்க்கப் போகிறேன் என்று நீ எழுதினாய். வரலாறு படித்த என் மூளை, அப்படியானால் ஆண் மீனில் அது இருக்கவே இருக்காது என்று தீர்மானித்துவிட்டது. கடற்கரையில் குந்தியிருந்து வயிற்றைக் கீறிப் பார்த்து, சினை இருந்த முப்பதில் மட்டும் செட்டை நறுக்கி அனுப்பினேன். கிளீட்டஸ் மாமா வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, "பிள்ளே, சாளைக்குமா பொண்ணு பாக்க வந்திய?" என்று கேட்டுச் சிரித்தார், அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதோடு விட்டேனா, அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ராஜமணி அத்தை நாலு பேர் முன்னால், "எனக்கு மூணு ஆம்பிளச் சிங்கம், இவ ஒத்தப் பொட்டப்பிள்ளையோட கடையப் பூட்டியாச்சு" என்றாள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற பாட்டுதான், அன்றைக்கு என் கையில் உன் கடிதம் இருந்தது. "மைனி, அது தாய்வழியாத்தான் போவும், எனக்கு ஷிஜி இருக்கா, உங்களுக்குக் கூடப்பிறந்த பொண்ணும் இல்ல, பெத்த பொண்ணும் இல்ல, உங்க அம்மைக்க வழி உங்களோட முடிஞ்சு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அத்தை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பெண்டாட்டிக்காகக் கிளீட்டஸ் மாமாவும் என்னைக் கண்டால் வலையைப் பார்த்துக்கொண்டு, "மீனு ஒக்க ஏலம் போச்சு" என்று ஒரு மீன்கூடத் தராமல் அனுப்பினார்.

அந்த வாரம்தான் உன் ஃபோன். ஆண் மீனிலும் அது உண்டு, அதன் அம்மா கொடுத்தது, அதைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கத்தான் முடியாது, பெண்ணை மட்டும் பொறுக்கியது செல்லாது, ஆணும் பெண்ணும் கலந்து வேறு முப்பது மீன் இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் குளச்சலையே சார் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார் என்று அழுதாய். வேறு வள்ளத்தில் வாங்கலாம்தான், ஆனால் வலை போட்ட இடத்தை எழுத வேண்டுமே, எந்த மீன்காரன் அதை அடுத்தவனிடம் சொல்வான்? சொல்கிற ஒரே ஆள் கிளீட்டஸ் மாமா.

போன வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "மைனி, நான் பாதிதான் படிச்சேன், உங்க மூணு பயலுவளுக்க உள்ளயும் இருக்கது நீங்க குடுத்ததுதான், இந்தக் காரியத்துல கிளீட்டஸ் அண்ணனுக்கது ஒரு பொட்டும் இல்ல" என்றேன். கத்தி நின்றது. "இளையவனுக்குமா? அவன் அப்பன உரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கான்" என்றாள். முகம் வேறு, இது வேறு என்றேன். உடனே, "கேட்டியளா, மூணும் எனக்கதாம்" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். மாமா, "வச்சுக்க, மூணுக்க சோத்துச் செலவையும் சேத்து வச்சுக்க" என்றார்.

பிறகு மெல்லக் கேட்டாள், "அவனுவளுக்குப் பிள்ள பிறந்தா?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, ஷிஜி. அது மருமகள்களுடையதாக இருக்கும் என்றேன். உன் அப்பா அத்தைக்குத் தம்பிதானே, அவரிடம் இருப்பதும் அவர்கள் அம்மா கொடுத்ததுதான், உனக்கு வரவில்லை என்றும் சொன்னேன். கத்தியால் செதிலை ஓரமாக ஒதுக்கினாள். "ஆண் சாளைக்கும் இதே கெதியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அதுவளை ஒண்ணையும் விடாதேன்னு ஷிஜிக்கிட்ட சொல்லு. குடுக்க முடியாட்டியும் வச்சிருக்குல்லா, அதை எழுதட்டு" என்றாள்.

மறுநாள் விடியும்போதே அத்தை என்னோடு கரைக்கு வந்து, தானே கீறி, பதினாறு ஆண், பதினாலு பெண் என்று எண்ணித் தந்தாள். இடத்தை மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். தக்கலை கூரியர்காரர் குப்பியிலிருந்த ஸ்பிரிட்டை மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, சரக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார், சாளை வாலைக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். பதினெட்டாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

காலையில் சாப்பிடாமல் லேபுக்கு ஓடாதே, ஸ்பிரிட் பட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும்.

ஒன்று மறக்காதே. பெட்டியில் முப்பத்தோராவது குப்பி ஒன்று இருக்கும், சீட்டில் "ராஜமணி" என்று எழுதியிருக்கும், உள்ளே அத்தையின் நகத்துண்டு. சோதித்துப் பார்க்க முடியுமோ முடியாதோ எனக்குத் தெரியாது, சாருக்குக் காட்டவும் வேண்டாம், தூர மட்டும் எறிந்துவிடாதே.

உன் அம்மா,
தேவகனி