அக்காவின் நாற்பத்தெட்டு நாள்

இரும்புலியூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் அக்காவுக்குக் கேட்கும்; அவள் தூங்கியபின் எழுதுகிறேன்.

குழந்தை பிறக்க நீ இருக்கச் சொன்ன நாற்பத்தெட்டு நாள் முருகன் விரதத்தில் அக்கா தினமும் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். நேற்று குன்றத்தூர் கோயில் படியில் லேசாக மயங்கினாள். சோடா குடித்ததும் எழுந்துவிட்டாள். "முப்பத்தெட்டு கிலோதான் இருக்க. முதல்ல வெயிட் ஏத்தும்மா, அப்புறம் குழந்தைக்குப் பாக்கலாம்" என்று, சாயங்காலம் போய்க் காட்டியபோது டாக்டரம்மா திட்டினார். "பாதியில விட்டா அம்மா மனசு கஷ்டப்படும்டி, வாயத் தொறக்காத" என்கிறாள் அக்கா.

மாமாவுக்கு இரவு ஷிஃப்ட். எனக்குத் தோசை சுட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அக்கா தண்ணீர் குடிக்கிறாள். பயமாக இருக்கிறது.

விரதம் போதும் என்று நீயாகவே சொல்வதுபோல் சொல்லிவிடு. நீ சொன்னால்தான் சாப்பிடுவாள்.

அக்கா புரள்கிறாள், விளக்கை அணைக்கிறேன். பருப்புப்பொடி அனுப்பினால் இரண்டு பேருக்கு அனுப்பு.

மகள்,
தேன்மொழி