வாலாவின் பாதி முகம்

மாதுங்கா, பம்பாய்
சர்வதாரி வருஷம், தை மாசம், செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி விசாலத்துக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, நான், உன் தங்கை வாலா மூணு பேரும் க்ஷேமம். அப்படி எழுதறதுதான் வழக்கம், எழுதியாச்சு. மீதியைப் படிச்சுட்டு க்ஷேமமா இல்லையான்னு நீயே தீர்மானம் பண்ணிக்கோ. டில்லியில் குளிர் ஜாஸ்தின்னு பேப்பர்ல போட்டிருக்கான், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, மாப்பிள்ளையையும் ஆபீஸ் போறபோது மப்ளர் சுத்திக்கச் சொல்லு. வெந்நீர்லதான் குளிக்கணும், சோம்பல் படாதே.

உன் கடிதம் கிடைச்சுது. அப்பாவுக்கு நீ அனுப்பின பிலிம் ரோல் பார்சலும் கிடைச்சுது. அதைப் பிரிக்கறபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கணும், உனக்குப் பிள்ளை பொறந்த தந்தி வந்தப்போகூட அப்படிச் சிரிக்கலை. நீ என்ன எழுதியிருக்கே? அப்பா முப்பது வருஷம் ஆபீஸ்ல உழைச்சாச்சு, இனிமேலாவது மனசுக்குப் பிடிச்சதைப் பண்ணட்டும், நீ அவரைப் பிடுங்காதே அம்மான்னு எழுதியிருக்கே. படிச்சேன். நான் அவரைப் பிடுங்கறேன், சரி. அவர் ரிடையர் ஆன அன்னிக்கு மாலை போட்டு, கைத்தடி குடுத்து, நாற்காலியில் உட்கார வெச்சுப் போட்டோ எடுத்து ஆத்துக்கு அனுப்பினா. எனக்கு யார் மாலை போடப்போறா? அடுப்பு ரிடையர் ஆறதா, ரேஷன் கடை கியூ ரிடையர் ஆறதா? முன்னேயாவது காலம்பர ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போயிடுவார், சாயந்தரம் வரைக்கும் வீடு என்னுது. இப்போ நாள் முழுக்க வீட்டுல ஒரு மகான் உட்கார்ந்திருக்கார், நான் அவருக்கு மடப்பள்ளி.

நீ தூரத்திலேர்ந்து அவர் அனுப்பற படத்தைப் பார்த்துட்டு ஆஹா ஓஹோன்னு எழுதறே, இங்கே நடக்கறதைக் கேளு. அவர் ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்பிப் போறபோது ஒரு காமிராவைக் கையில் குடுத்துட்டுப் போனான், புண்ணியவான். அதுலேர்ந்து பிடிச்சுது சனி. பாத்திரம் தேய்க்கற மோரியில் ஒரு படுதாவைக் கட்டி, பல்புக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, அதுக்குள்ள போனார்னா போனதுதான். வேலைக்காரி பாய் வந்து பாத்திரத்தோட வாசல்லயே நிக்கறா. என்னோட ஈயச்சொம்புல ஏதோ மருந்தைக் கரைச்சு வெச்சுட்டார், அதைத் தூக்கி எறிய வேண்டியதாப் போச்சு. என் அம்மா சீர் குடுத்த சொம்பு. கழுவின படத்தையெல்லாம் வாலாவோட ஹேர்பின்னைக் குத்திச் சமையலறைக் கொடியில் தொங்க விடறார், இட்லி மாவுல சொட்டறது. வடாலா உப்பளத்துக்கு விடிகாலையில் போய்க் கொக்கைப் படம் எடுத்துண்டு வரார். ஒரு கொக்கு போறாதா, எத்தனை கொக்கு! இது போறாதுன்னு தியானம், டயரி. கண்ணை மூடிண்டு உட்கார்ந்துட்டார்னா பால்காரன் கதவைத் தட்டினாலும் எழுந்துக்க மாட்டார், பக்கத்துலதான் கதவு. வியாழக்கிழமையானா மௌனம். ஒரு சிலேட்டை மடியில் வெச்சுண்டு அதுல காப்பின்னு எழுதிக் காட்டறார். விரதம் பேச்சுக்குத்தான் போலிருக்கு, காப்பிக்கு இல்லை.

இதெல்லாம் பொறுத்துண்டு போகலாம். வாலா விஷயத்துக்கு வரேன். பூனாவில் இருக்கற ஒரு பையன், ஜம்புன்னு பேர், சர்க்கார் உத்தியோகம், நம்ம பஞ்சு மாமா கொண்டு வந்த வரன்னு போன மாசம் எழுதினேனே. ஜாதகம் பொருந்திடுத்து. பொண்ணு போட்டோ ஒண்ணு அனுப்புங்கோன்னு கேட்டா. ஸ்டேஷன் பக்கத்துல ஸ்டுடியோ இருக்கு, ஊர்ல இருக்கற பொண்கள் எல்லாம் அங்கேதான் போய் பூ ஜாடி பக்கத்துல நின்னு எடுத்துக்கறது, கல்யாணமும் நடக்கறது. அங்கே கூட்டிண்டு போறேன்னேன். அதெல்லாம் பொம்மை, நானே எடுக்கறேன்னார் உன் அப்பா. வாலாவை ஜன்னல் ஓரமா நிக்க வெச்சு, கதவை ஒருக்களிச்சு மூடி, மத்தியானம் பூராக் குழந்தையை வறுத்து எடுத்தார். படத்தைப் பார்த்தா ஒரு பக்க முகம்தான் இருக்கு. இன்னொரு பக்கம் கரி. என்ன இது, பாதியைக் காணோமேன்னேன். முகம் முழுக்க வெளிச்சம் பட்டா அது பாஸ்போர்ட்டு, நிழல்லதான் ஆளே இருக்கு, உனக்குப் படம் பார்க்கத் தெரியாதுன்னார். உறையில் போட்டு அவரே ஒட்டி அனுப்பினார்.

பத்து நாள் கழிச்சுப் பஞ்சு மாமா வந்தார். காப்பியைக் குடிச்சார், மோட்டுவளையைப் பார்த்தார், கனைச்சார், அப்புறம் மெள்ளக் கேட்டார், பொண்ணுக்கு இடது பக்கம் கண்ணுல ஏதாவது கோளாறா, இல்லே கன்னத்துல வெள்ளையா ஏதாவது இருக்கான்னு. பூனாக்காரா கேக்கறாளாம், எதையோ ஒளிச்சுதானே அந்தப் பக்கத்தை இருட்டா அனுப்பியிருக்கான்னு. விசாலம், கேட்டியா. மூக்கும் முழியுமா இருக்கற பொண்ணு, அவளுக்கு நம்ம கையாலேயே ஒரு தோஷத்தை உண்டு பண்ணி உறையில் போட்டு ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பியிருக்கோம். உன் அப்பாகிட்ட இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்கோன்னு கெஞ்சினேன். படம் புரியாதவாளுக்கு இன்னொரு படம் எதுக்குன்னார். அதனால பையனோட அத்தை, செம்பூர்ல இருக்கறவ, அவளே நேர்ல வந்து பார்த்துட்டுப் போறேன்னு சொல்லி அனுப்பினா. வந்தது வியாழக்கிழமை.

இன்னிக்கு ஒரு நாள் மௌனத்தை விட்டுடுங்கோ, ஆம்பளை நாலு வார்த்தை பேசினாத்தான் மதிப்புன்னு காலம்பரயே சொன்னேன். விரதம் விரதம்தான்னு சிலேட்டுல எழுதிக் காட்டினார். அந்த அம்மா வந்தா, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டா, கையை அலம்பிண்டா, வாலாவைக் கையைப் பிடிச்சு பால்கனிக்கு இழுத்துண்டு போனா. மோவாயைப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்பினா, அந்தப் பக்கம் திருப்பினா, மார்க்கெட்ல கத்தரிக்காயைப் பார்க்கற மாதிரி. வாலாவோட வலது கண்ணைப் பொத்தி இது எத்தனை விரல்னு கேட்டா. கடைசியில் முந்தானையை டம்ளர் ஜலத்துல நனைச்சு, பவுடர் போட்டு எதையாவது மறைச்சிருக்கான்னு இடது கன்னத்தை அழுத்தி அழுத்தித் தேய்ச்சுப் பார்த்தா. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாலா ஒரே ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்தா. அவர் கண்ணை மூடிண்டார். நான் ஒருத்திதான் ஈன்னு இளிச்சுண்டு நின்னேன், பொண்ணைப் பெத்தவ வேற என்ன பண்றது. தப்பா நினைச்சுக்காதீங்கோ மாமி, போட்டோல பாதிதான் தெரிஞ்சுது, குழந்தை நன்னாத்தான் இருக்கான்னு சொல்லிட்டு வெத்தலை பாக்கு வாங்கிண்டு போனா.

வாலா சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு நின்னா. முதுகுதான் தெரிஞ்சுது. இவர் எழுந்து வந்தார். தலையைத் தடவி ஒரு வார்த்தை சொல்லப் போறார்னு நினைச்சேன், சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். கையில் காமிரா. அவ திரும்பினா. அசையாதேன்னார். காலம்பரேலேர்ந்து அவர் வாயிலேர்ந்து வந்த ஒரே வார்த்தை அது. தான் பெத்த பொண்ணோட கன்னத்தை அந்த அம்மா தேய்க்கறபோது உடையாத மௌனம் அதுக்கு உடைஞ்சுது. அந்த அசடும் அசையாம நின்னுது, சின்ன வயசிலேர்ந்து அப்பா பேச்சைத் தட்டாத பொண்ணு.

மறுநாள் பூனாவிலேர்ந்து சம்மதம்னு தகவல் வந்துடுத்து. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எனக்கு அத்தனை சந்தோஷம். வாலா மாட்டேன்னுட்டா. அவா ஆத்துக்குப் போனா தினம் என் முகத்தைத் தேய்ச்சுப் பார்ப்பா அம்மான்னா. நான் திட்டினேன், கெஞ்சினேன், உனக்கு இருபத்தொண்ணு முடியப் போறது, இனிமே எவன் வருவான்னு கேட்டேன். சரி, வீட்டுல ஒரு ஆம்பளை இருக்காரே, உண்டுன்னோ இல்லைன்னோ நீங்களே தீர்மானம் பண்ணிப் பூனாவுக்கு ஒரு கார்டு போடுங்கோன்னேன். லௌகீகத்துல இனிமே தலையிடறதில்லை, உங்களுக்கு எது தோணறதோ பண்ணுங்கோன்னார். தினம் பக்கம் பக்கமா டயரி எழுதற கை, ஒரு கார்டு எழுத மாட்டேன்னுடுத்து. அதோட விட்டாரா? உட்காருன்னு சொல்லி முதல் நாள் டயரியை எனக்குப் படிச்சுக் காட்டினார். வியாழக்கிழமை, சமையலறை ஜன்னலில் அபூர்வமான வெளிச்சம், மனம் சலனமற்று இருந்ததுன்னு எழுதியிருக்கார். வாலாவைப் பத்தி ஒண்ணும் காணோமேன்னேன். அவள்தான் அந்த வெளிச்சம்னார். நான் எழுந்து தயிர் கடையப் போயிட்டேன். சொன்னா வெட்கம், அழுதா துக்கம், வேற என்ன.

நேத்திக்குக் காலம்பர அடுப்பு மூட்டிப் பாலை வெச்சுட்டு நிமிர்ந்தேன். கொடியில் வியாழக்கிழமை ஜன்னல்கிட்ட எடுத்த அந்தப் படம் தொங்கிண்டிருந்தது. கிழிச்சுப் போடத்தான் கையை நீட்டினேன். விசாலம், அதுல முழு முகமும் இருக்கு. ரெண்டு கண், ரெண்டு கன்னம், ஒரு மறு மருவில்லாம எல்லாம் பளிச்சுன்னு தெரியறது. முந்தானையால தேய்ச்ச இடம்கூடத் தனியாத் தெரியறது. வரனுக்கு அனுப்பக் கேட்டப்போ வராத வெளிச்சம் அன்னிக்கு வந்திருக்கு. இதை எவனுக்கு அனுப்பறது? அவ அழுதுண்டிருந்தான்னுதான் நான் நினைச்சிண்டிருந்தேன். அழலை. நேராப் பார்த்துண்டு நிக்கறா, நீ என்ன பண்ணினே, நீ என்ன பண்ணினேன்னு கேக்கற மாதிரி. பால் பொங்கி அடுப்புல வழியறவரைக்கும் அங்கேயே நின்னுண்டிருந்தேன். அப்புறம் உன் அப்பாவோட பேனாவையே எடுத்து நானே பூனாவுக்குக் கார்டு எழுதினேன். எங்கள் பெண்ணை அங்கே கொடுக்க இஷ்டமில்லை, மன்னிக்கவும்னு எழுதி என் பேரையே கையெழுத்துப் போட்டேன். வெளி மனுஷாளுக்கு என் பேர்ல நான் எழுதின முதல் கார்டு இதுதான். பஞ்சு மாமா இனிமே இந்தப் படி ஏற மாட்டார். மாதுங்கா முழுக்கப் பொண்ணுக்கு ஏதோ கோளாறுன்னுதான் பேசிக்கும், பேசட்டும். எழுதினதுக்கு நான் வருத்தப்படலை.

பங்குனியில் வாலாவை உன்கிட்ட அனுப்பி வைக்கறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும், குழந்தையோட விளையாடட்டும், மாப்பிள்ளைகிட்ட எடுத்துச் சொல்லி அங்கே நல்ல இடமா ஒண்ணு பார்க்கச் சொல்லு. போட்டோ கேட்டா, நேர்ல வந்து பார்த்துக்கோன்னு சொல்லிடு, அவ இனிமே எந்தக் காமிரா முன்னாடியும் நிக்க மாட்டேங்கறா. உன் அப்பாவுக்கு இனிமே பிலிம் அனுப்பாதே, அனுப்பினா எனக்குப் பொல்லாத கோபம் வரும். ராத்திரி தயிர் சேர்த்துக்காதே, சளி பிடிக்கும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வயசு நிறைஞ்சு, மங்களமா, மனசுல குறையில்லாம இருக்கணும்னு அந்த அபயாம்பிகையை வேண்டிக்கறேன். கடைசியா ஒண்ணு, மறந்துடாதே. அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் கார்டு எழுதினேன்னு உன் அப்பாவுக்கு மட்டும் எழுதிடாதே. அதையும் டயரியில் எழுதி வெச்சுப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா
அபயாம்பாள்