நல்ல பூஞ்சை

மார்ச் 3

இன்று எங்கள் நாற்றங்காலில் உலக வரலாறே திசை திரும்பியது. நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மகள் உர மூட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள். மண்ணைப் பற்றிப் படித்தவள். தொழிலில் எனக்குக் கூட்டாளி, மேலதிகாரி, சர்வாதிகாரி.

வீட்டுக்குப் பின்னால் கல்குவாரிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன கழிவு மேடு. காற்றடித்தால் மேடே எழுந்து எங்கள் வீட்டுக்கு விருந்தாட வருகிறது. இரண்டு தடவை மரம் நட்டோம், இரண்டு தடவையும் கருகியது. இந்த மழைக்கு நட்டது அடுத்த கோடையில் பச்சையாக நிற்காவிட்டால், மேட்டை நிரவி லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவோம் என்று நகராட்சிப் பொறியாளர் சொல்லிவிட்டார். அக்கா மகள் படுக்கும் அறையின் சன்னல் அந்தப் பக்கம்தான்.

"சோறு போடாம செடி எப்படிடி வளரும்?"

"ஊட்டி விட்டா வேர் சோம்பேறி ஆயிடும் மாமா. பூஞ்சையோட கூட்டு சேராது."

பூஞ்சை! அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே அத்தான் என் உடம்பைப் பார்த்து எனக்கு வைத்த பெயர். இன்றுவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நான் வெயிலில் நின்றால், கொடிக்கயிறு என்று நினைத்து யாராவது துணி காயப்போடுவார்கள்.

மார்ச் 9

மட்கிய மரப்பட்டை, மணல், கரித்தூள் எல்லாம் கலந்து பைகளில் நிரப்பினோம். கடைசியாக ஒவ்வொரு பைக்கும் ஓடைக்கரைப் பெரிய புங்கமரத்தின் அடிமண் ஒரு பிடி. அதில்தான் நம் பூஞ்சைச் சூரர்கள் குடியிருக்கிறார்களாம். வேருக்குள் புகுந்துகொண்டு, வேருக்கு எட்டாத தண்ணீரையும் சத்தையும் இழுத்துத் தருவார்கள். கூலியாக மரம் சர்க்கரை தரும்.

அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் அத்தானைப் போல. (அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.)

ஏப்ரல் 2

புங்கம் முளைத்துவிட்டது. நாவல் இன்னும் யோசிக்கிறது.

மே 18

சமையலறையில் பெரும் போர். ஒரு நாற்றின் வேரைக் சோடாக்காரம் கரைத்த நீரில் வேகவைத்து, வினிகரும் பேனா மையும் ஊற்றி ஊறப்போட்டாள். வேருக்குள் பூஞ்சை இருந்தால் நீலமாகத் தெரியுமாம்.

"பால் காய்ச்சுற பாத்திரத்துலயாடி?" அக்கா போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளித் தூளியில் கிடந்த குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கும்.

அவளுடைய நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். வேரின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீல நிறத்தில் குட்டிக் குட்டி மரங்கள், கிளை கிளையாக! மரத்துக்குள் மரம். அவளைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். சரித்திரத்தில் குறித்துவைக்க வேண்டிய நிமிடம்.

அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். அத்தான் பேருந்தில் இருந்தார், ஒரே இரைச்சல். "அப்பா! நாத்துல பூஞ்சை வந்துடுச்சுப்பா!" என்று கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக.

மே 19

போச்சு. எல்லாம் போச்சு.

நாங்கள் பை வாங்கிக்கொண்டு திரும்பினால், அத்தான் வாளியும் கையுமாக வெற்றிவீரர்போல் நிற்கிறார். "அழுதுக்கிட்டே பூஞ்சை வந்துடுச்சுன்னு சொன்னியேம்மா... கடையில இருக்கறதுலயே வீரியமான பூஞ்சை மருந்தா வாங்கி, வேர் நனைய நனைய ஊத்திட்டேன். பாதிக்குத்தான் முடிஞ்சுது. முதுகு பிடிச்சுக்கிச்சு."

அவள் நேராக நிழல்வலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அது நல்ல பூஞ்சை என்று புரிந்ததும் அத்தான் கையிலிருந்த வாளியை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றார். பாவி மனுஷா, அன்புல இப்படியா பண்ணுவ என்று மனசுக்குள் நான்தான் திட்டினேன்.

அந்த முதுகு வாழ்க. அது மட்டும் பிடித்திராவிட்டால் மீதிப் பாதியும் போயிருக்கும்.

ஜூன் 11

மருந்து குடித்த நாற்றுகளின் வேரில் நீலமே இல்லை.

"அப்ப லாரிதானா?" என்றேன்.

"தனியா நட்டாத்தான் சாகும் மாமா. ஒவ்வொண்ணையும் ஒரு நல்ல கன்னுக்குப் பக்கத்துல நடுவோம். வேரோட வேர் சேர்ந்தா பூஞ்சை இதுக்கும் தாண்டி வரும்."

"வருமா?"

"வரலாம்."

இந்த ‘லாம்’ என்னைக் காலையிலிருந்து தின்கிறது.

ஜூலை 7

மழை. ஜோடி ஜோடியாக நட்டோம். முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு அத்தானும் வந்தார். தான் கெடுத்த கன்றுகளை வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றையும் குழியில் இறக்கி, "இனிமே உன் துணை இதுதான், அனுசரிச்சுப் போ" என்கிறார். கல்யாணத் தரகர் தோற்றார். மகள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன்.

ஏப்ரல் 26

நட்டபின் வரும் முதல் கோடை. பாறையே வியர்க்கும் வெயில். சில கன்றுகள் போய்விட்டன. ஜோடிகள் பெரும்பாலும் நிற்கின்றன. நேற்று அத்தானின் கன்று ஒன்றிலிருந்து வேர்நுனி கிள்ளிவந்து பார்த்தோம். நீலம்! இந்த முறை அக்காவே பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள்.

இன்று பொறியாளர் வந்தார். மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். லாரிக்காரர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். போகும்போது, "என்ன உரம் போட்டீங்க?" என்று கேட்டார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "உரமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பூஞ்சை! அது இல்லாம இந்த மேட்டுல ஒரு இலை நிக்காது."

பிறகு மேட்டடியில் நின்ற என் பக்கம் திரும்பி, மேடு அதிரக் கூப்பிட்டார். "ஏய் பூஞ்சை! சாருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா!"

"இதோ வந்தேன் அத்தான்!" என்று, பட்டம் வாங்க மேடை ஏறுகிறவனைப் போல, தண்ணீர்ச் சொம்போடு மேட்டில் ஏறினேன்.